வெறும் தண்ணீர்

இரும்பின் ஸ்பின் மாற்றச் சேர்மங்களில், அதாவது சூட்டிலும் குளிரிலும் எலக்ட்ரான் அமைப்பு மாறி அதோடு காந்தத் தன்மையும் மாறும் பொருள்களில், வேலை செய்கிறேன் என்று சொன்னால், வேதியியல் கொஞ்சம் தெரிந்தவர்கள் உடனே கேட்பது "எத்தனை டிகிரியில் மாறும்?" என்பதுதான். உருகுநிலையை விசாரிக்கிற தோரணையில் கேட்பார்கள். நானும் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவேன். சொன்ன பிறகு உள்ளுக்குள் ஏதோ இடிக்கும். அந்த எண் பொய்யில்லை, அளந்து பெற்றதுதான். ஆனால் கேட்டவருக்கு நான் பாதிக் கதையைத்தான் சொன்னேன் என்று தோன்றும். மீதிப் பாதி எது என்று யோசிக்க வைத்தது ஒரு வாய்மொழித் தேர்வு.

முனைவர் பட்டத்துக்கான தேர்வு அது. நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். மாணவர் திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். ட்ரையசோல் என்ற நைட்ரஜன் வளைய மூலக்கூறும் இரும்பும் சங்கிலியாகச் சேர்ந்த ஓர் அணைவுப் பலபடியைச் சூடாக்கிக் குளிர்வித்து, அதன் காந்தத் தன்மையை அளந்திருந்தார். முதல் முறை சூடாக்கியபோது ஓர் இடத்தில் மாறியது. இரண்டாம் முறை அதற்கு வெகு கீழே மாறியது. மூன்றாவது சுற்று இரண்டாவதின் மேல் அப்படியே படிந்தது. முதல் சுற்று மட்டும் ஒட்டாமல் தனியே நின்றது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், "தம்பி, அது வெறும் தண்ணீர். முதல் சுற்றை எடுத்துவிட்டு மீதியைப் போடுங்கள்" என்றார். "சரி சார்" என்று சொல்லிவிட்டு மாணவர் அடுத்த படத்துக்குப் போனார். தேர்வாளர் சொன்னதில் பிழை இல்லை. எடை இழப்பு வரைபடத்தில் நீர் வெளியேறியது தெளிவாகத் தெரிந்தது. இந்தத் துறையில் யாரும் சொல்லக்கூடிய சாதாரண அறிவுரைதான். ஆனாலும் முதல் சுற்றை இவ்வளவு சுலபமாகத் தூக்கிப் போட்டுவிட முடியுமா என்ற கேள்வி, காபி குடிக்கும்போதும் விடவில்லை, வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை.

இரும்பு தனியாக முடிவெடுப்பதில்லை

பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் நினைவிருப்பவர்களுக்கு இது தெரியும். இரும்பு(II) அயனியில் ஆறு டி எலக்ட்ரான்கள். எண்முகி வடிவில் ஆறு ஈனிகள், அதாவது இரும்போடு பிணையும் மூலக்கூறுகளோ அயனிகளோ, சூழ்ந்தால் ஐந்து டி ஆர்பிட்டால்கள் கீழே மூன்று, மேலே இரண்டு என்று பிரிகின்றன. இடைவெளி பெரிதாக இருந்தால் ஆறு எலக்ட்ரான்களும் கீழேயே இணைசேர்ந்துவிடும். தனித்த எலக்ட்ரான் ஒன்றுகூட இல்லை, காந்தம் ஈர்க்காது. அது தாழ்சுழற்சி (தாழ் ஸ்பின்) நிலை. இடைவெளி சிறிதாக இருந்தால் எலக்ட்ரான்கள் பரவி நிற்கும். நான்கு எலக்ட்ரான்கள் தனித்திருக்கும். அது உயர்சுழற்சி (உயர் ஸ்பின்) நிலை. சயனைடு என்றால் தாழ், நீர் என்றால் உயர் என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். பாடம் அங்கே முடிந்துவிடும். உண்மையான சுவாரசியம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சில நைட்ரஜன் ஈனிகள் தரும் இடைவெளி, இரண்டு நிலைகளும் ஏறக்குறைய சம ஆற்றலில் இருக்கும்படி அமைந்துவிடுகிறது. அப்போது எந்த நிலை என்பதை வெப்பம், அழுத்தம், ஒளி, பக்கத்தில் இருக்கும் மூலக்கூறு என எது வேண்டுமானாலும் தீர்மானிக்கலாம்.

1931இல் இத்தாலியில் காம்பி என்பவரின் குழு சில இரும்பு(III) சேர்மங்களின் காந்தத் தன்மை வெப்பநிலையோடு விசித்திரமாக மாறுவதைக் கண்டது. இரும்பு(II) கதை 1960களில்தான் சூடு பிடித்தது. பினாந்த்ரோலினும் தயோசயனேட்டும் சேர்ந்த ஒரு சேர்மம் ஏறக்குறைய 176 கெல்வினில் சட்டென்று மாறியது. இன்றுவரை எல்லாப் பாடநூல்களிலும் வருவது அதுதான். அந்த 176 என்ற எண் மனப்பாடம் ஆகிவிட்டதால்தான், ஒவ்வொரு சேர்மத்துக்கும் இப்படி ஓர் எண் சொந்தமாக இருக்கிறது என்ற நினைப்பு நமக்குள் வேரூன்றியது என்று சந்தேகிக்கிறேன்.

அந்த எண்ணுக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் நினைப்பு ஆட்டம் காணும். தாழ்சுழற்சியில் இரும்புக்கும் நைட்ரஜனுக்கும் இடையே சுமார் 2.0 ஆங்ஸ்ட்ராம். உயர்சுழற்சியில் இரண்டு எலக்ட்ரான்கள் நைட்ரஜனை நேராக நோக்கும் ஆர்பிட்டால்களுக்கு ஏறிவிடுவதால், பிணைப்பு சுமார் 2.2 வரை நீளும். பத்தில் ஒரு பங்கு நீளம் கூடுவது திண்மப் பொருளில் பெரிய சமாச்சாரம். குளிரில் ஆற்றல் குறைந்த தாழ்சுழற்சி வெல்கிறது. சூட்டில் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மை, அதிகமான உயர்சுழற்சி வெல்கிறது. இந்த என்ட்ரோபி எங்கிருந்து வருகிறது? எலக்ட்ரான் சுழற்சியிலிருந்து வரும் பங்கு ஒரு மோலுக்கு, ஒரு கெல்வினுக்கு 13.4 ஜூல் மட்டும். சோதனையில் கிடைக்கும் மொத்தமோ பெரும்பாலும் 50 முதல் 80 வரை. மீதி முழுவதும் அதிர்வுகளிலிருந்து வருகிறது. தளர்ந்த பிணைப்புகள் அசைகின்றன, அவற்றோடு சுற்றியுள்ள படிகமும் அசைகிறது. எலக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன என்று நாம் பெயர் வைத்திருக்கிறோம். கணக்கில் பெரும்பங்கு படிகத்துடையது. அப்படியிருக்க, படிகத்துக்குள் உட்கார்ந்திருக்கும் நீருக்குக் கணக்கில் இடமில்லை என்று எப்படிச் சொல்வது?

அழுத்தத்தின் கதை நேரானது. உயர்சுழற்சி நிலைக்கு அதிக இடம் வேண்டும். பிழிந்தால் இரும்பு தாழ்சுழற்சிக்குப் போகும், மாறும் வெப்பநிலை மேலே ஏறும். பூமியின் கீழ் மூடகத்தில் இருக்கும் மக்னீசியம், இரும்பு ஆக்சைடில் இதே மாற்றம் 60 முதல் 70 ஜிகாபாஸ்கல் அழுத்தத்தில் நடப்பதை 2003இல் ஒரு பிரெஞ்சுக் குழு அளந்து காட்டியது. ஆய்வகச் சேர்மங்களுக்கு அதில் மிகச் சிறிய பங்கே போதும். ஒளியின் கதை 1984இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கூட்லிஷின் குழுவில் வெளிச்சத்துக்கு வந்தது. ஆழ்ந்த குளிரில் தாழ்சுழற்சியில் இருந்த ஒரு டெட்ரசோல் சேர்மத்தின் மேல் பச்சை ஒளியைப் பாய்ச்சினார்கள். அது உயர்சுழற்சிக்குத் தாவி, விளக்கை அணைத்த பிறகும் அங்கேயே மாட்டிக்கொண்டு நின்றது. சுமார் 50 கெல்வினைத் தாண்டிச் சூடாக்கினால்தான் இறங்கி வந்தது. ஆக, அதே வெப்பநிலை, அதே சேர்மம், இரண்டு நிலைகள். எதில் இருக்கிறது என்பதற்கு விடை, சற்றுமுன் அதற்கு என்ன நடந்தது என்பதில் இருக்கிறது.

சங்கிலியாகக் கோத்தால்

தனித்தனி மூலக்கூறுகளை விட்டுவிட்டு இரும்பைச் சங்கிலியாகக் கோத்தால் விஷயம் தீவிரமாகிறது. ட்ரையசோல் வளையத்தில் அடுத்தடுத்து இரண்டு நைட்ரஜன்கள் உள்ளன. ஒன்று ஓர் இரும்பைப் பிடிக்கும், மற்றது அடுத்த இரும்பைப் பிடிக்கும். இப்படி மூன்று வளையங்கள் பாலமாக அமைந்து, இரும்பு, பாலம், இரும்பு என்று நீண்டுகொண்டே போகும். 1970களில் லெய்டனில் ஹாஸ்நூட்டும், 1980களில் நோவோசிபிர்ஸ்கில் லாவ்ரெனோவாவும் இந்தச் சேர்மங்களைச் செய்தார்கள். 1990களில் பிரான்சின் போர்தோவில் ஒலிவியே கான் அவற்றைப் புகழ்பெறச் செய்தார். செய்வது கடினமில்லை. இரும்பு உப்புக் கரைசலையும் ட்ரையசோல் கரைசலையும் கலந்தால் ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பொடி இறங்கும். நல்ல படிகமாக வளர மறுக்கும். அதனால் அதன் அணு அமைப்பை நேராகப் பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. சூடாக்கினால் நிறம் வெளுத்து வெள்ளையாகும். தாழ்சுழற்சியில் பச்சை ஒளியை உறிஞ்சுவதால் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. உயர்சுழற்சியில் உறிஞ்சுதல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு நகர்ந்துவிடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

டெட்ராஃப்ளுரோபோரேட்டை எதிரயனியாக (சங்கிலியின் மின்னூட்டத்தைச் சமன்செய்யும் அயனியாக) கொண்ட சேர்மம் இவற்றில் மிகவும் நம்பகமானது. சூடாக்கும்போது ஏறக்குறைய 385 கெல்வினில், அதாவது 112 டிகிரி செல்சியஸில் வெளுக்கிறது. குளிர்விக்கும்போது 345 கெல்வின் வரை, அதாவது 72 டிகிரி வரை, வெள்ளையாகவே நின்று, பிறகு இளஞ்சிவப்புக்குத் திரும்புகிறது. நடுவில் 40 கெல்வின் அகலத்தில் ஒரு தயக்கக் கண்ணி, அதாவது ஏறும் வழியும் இறங்கும் வழியும் விலகி நிற்கும் இடைவெளி. ஓர் இரும்பு நீள வேண்டுமானால் பாலத்தின் மறுமுனையில் இருக்கும் இரும்பும் அசைந்து கொடுக்க வேண்டும். அதற்கு அடுத்ததும் அப்படியே. நிலையில் நிற்கும் தேரை நகர்த்தத் தேவைப்படும் இழுவை வேறு, ஓடுகிற தேரை நிறுத்தப் போடும் முட்டுக்கட்டை வேறு. போகும் வழியும் திரும்பும் வழியும் ஒன்றாக இல்லாததற்குக் காரணம் இதுதான். இப்போது 365 கெல்வினில் அந்தப் பொடி என்ன நிறம் என்று கேட்டால், கீழிருந்து வந்தால் இளஞ்சிவப்பு, மேலிருந்து வந்தால் வெள்ளை என்றுதான் சொல்ல முடியும். இந்தச் சேர்மத்தில் படிக நீர் இல்லை. எனவே இந்தத் தயக்கம் முழுக்க அதன் சொந்தச் சொத்து. தேர்வாளர் மாதிரியான ஆட்கள் தயக்கம் என்றால் இதைத்தான் ஒப்புக்கொள்வார்கள்.

கானின் குழுவுக்கு 112 டிகிரி உதவாது. அறை வெப்பநிலையில் எழுதி அழிக்கக்கூடிய நினைவகம் அவர்கள் கனவு. ஈனியில் சிறு பங்கை அமினோட்ரையசோலாக மாற்றி, பெர்குளோரேட்டை எதிரயனியாக வைத்து, 304 கெல்வினில் ஏறி 288 கெல்வினில் இறங்கும் ஒரு கலவையைச் செய்தார்கள். அதாவது 31 டிகிரி, 15 டிகிரி. நடுவில் 23 டிகிரி, போர்தோவின் ஆய்வறைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல. சென்னையில் அந்தப் பொடியை மேசையில் வைத்தால் மார்ச் மாதமே வெளுத்துவிடும். இளஞ்சிவப்பைத் திரும்பப் பெற வேண்டுமானால் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் 15 டிகிரி என்பது அந்த ஊரில் மார்கழியிலும் வராது. யாருடைய அறை என்று கேட்காமல் அறை வெப்பநிலை என்று எழுதிவிடுகிறோம். இன்னொன்றும் கவனித்தேன். அந்தக் கலவையின் வாய்பாட்டின் கடைசியில் ஒரு நீர் மூலக்கூறு அமைதியாக உட்கார்ந்திருக்கிறது.

270 கெல்வின்

அந்தத் தேர்வுக்குப் பிறகு பழைய கட்டுரைகளைத் துருவினேன். என்னைப் பிடித்து நிறுத்தியது கானின் குழுவே 1997இல் வெளியிட்ட ஒன்று. இதற்கு முன்பும் அதைப் புரட்டியிருக்கிறேன், ஆனால் தலைப்பில் இருந்த பெரிய எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கடந்திருந்தேன். ட்ரையசோலில் ஒரு ஹைட்ராக்சிஎத்தில் வால், எதிரயனியாக நைட்ரோபினைல்சல்ஃபோனேட், கூடவே மூன்று நீர் மூலக்கூறுகள். அறை வெப்பநிலையில் அது தாழ்சுழற்சியில், நிறத்தோடு இருக்கிறது. சுமார் 370 கெல்வினில் நீர் வெளியேறுகிறது, அந்தக் கணமே இரும்பு உயர்சுழற்சிக்குப் போய் வெளுக்கிறது. இப்போது குளிர்வித்தால் திரும்பி வருவதில்லை. அறை வெப்பநிலையைக் கடந்து, பனிக்கட்டியின் வெப்பநிலையைக் கடந்து, சுமார் 100 கெல்வினுக்கு வந்த பிறகுதான் தாழ்சுழற்சிக்கு இறங்குகிறது. ஏறியதற்கும் இறங்கியதற்கும் இடையே 270 கெல்வின். முன்பு சொன்ன 40க்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

தந்திரம் எங்கே இருக்கிறது என்பது தெளிவு. ஏறியது ஒரு சேர்மம், இறங்கியது இன்னொரு சேர்மம். நீருள்ள வடிவத்தில், ஹைட்ரஜன் பிணைப்புகள் சங்கிலியையும் எதிரயனியையும் இறுக்கிப் பிடித்து, குட்டைப் பிணைப்புள்ள நிலைக்குத் துணை நிற்கின்றன. நீர் போனதும் அந்தப் பிடி தளர்கிறது. எனவே இது உண்மையான தயக்கம் இல்லை, தோற்றத் தயக்கம். கானின் குழு இதை மறைக்கவில்லை. தோற்றம் என்று தலைப்பிலேயே ஒப்புக்கொண்டார்கள். என்னை அசைத்தது அதே தலைப்பின் அடுத்த பாதி: காட்சித் திரைகளுக்குப் பயன்பாடு. நீரால் வந்தது என்று தெரிந்தும் அவர்கள் அதைக் கழித்துக் கட்டவில்லை. அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்தார்கள். தேர்வாளர் எடுக்கச் சொன்ன முதல் சுற்றுதான் இங்கே முழு ஆய்வுக் கட்டுரை.

உடனே கட்சி மாறிவிடவில்லை. தோற்றத்துக்கும் உண்மைக்கும் வித்தியாசம் உண்டு என்று இன்றும் நினைக்கிறேன். இரும்புகள் ஒன்றையொன்று இழுத்துச் சேர்ந்து மாறும் கூட்டியக்கத்தால் வரும் தயக்கத்தை மறுபடி மறுபடி சுற்றலாம், மூடிய பெட்டிக்குள்ளும் சுற்றலாம். நீரால் வரும் தயக்கம் ஒருமுறை ஏறிவிட்டால், ஈரக் காற்றைத் திரும்பக் காட்டும்வரை பழைய இடத்துக்கு வராது. இரண்டு சேர்மங்களின் சங்கிலி இறுக்கத்தை ஒப்பிட விரும்புகிறவர் நீரை நீக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். அந்த அளவில் தேர்வாளர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் நீரை நீக்குவது சேர்மத்தைச் சுத்தம் செய்வது அல்ல, வேறொரு சேர்மத்துக்கு மாறுவது. அதைச் சொல்லாமல் செய்வதில்தான் எனக்குச் சண்டை.

சண்டைக்கு வலு சேர்த்தவை துளையுள்ள பலபடிகள். 2002இல் சிட்னியில் கெப்பர்ட்டின் குழு, இரும்பையும் நீண்ட ஈனிகளையும் கொண்டு, உள்ளே காலியிடம் உள்ள ஒரு வலையைச் செய்தது. துளைக்குள் எத்தனால் இருந்தால் இரும்புகளில் பாதி ஸ்பின் மாறுகின்றன. எத்தனாலை வெளியேற்றினால் ஒன்றுகூட மாறுவதில்லை. மறுபடி எத்தனாலைக் காட்டினால் மறுபடி மாறுகின்றன. எத்தனால் இரும்போடு பிணையவே இல்லை, வெறுமனே பக்கத்தில் இருக்கிறது. அந்த வலைக்கு மாறும் வெப்பநிலை என்ன என்று கேட்டால், உள்ளே யார் இருக்கிறார்கள் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும்.

அதைவிட எனக்குப் பிடித்தது பைரசீனும் பிளாட்டினம் சயனைடும் சேர்ந்த இரும்பு வலை. 2001இல் வலென்சியாவில் ரேயாலின் குழு இந்தக் குடும்பத்தைச் செய்தது. இரும்பும் பிளாட்டினமும் சயனைடால் தட்டையான தளங்களாகின்றன, பைரசீன் தூண்கள் அந்தத் தளங்களை அடுக்கித் தாங்குகின்றன. காலியான வடிவத்தில் இது ஏறக்குறைய 309 கெல்வினில் ஏறி 285 கெல்வினில் இறங்குகிறது. இங்கே நீரைச் சேர்த்தால் என்ன ஆகும்? ட்ரையசோல் பொடியில் நீர் தாழ்சுழற்சிக்குத் துணை நின்றது. இங்கே நேர்மாறாக, நீர் இருந்தால் மாற்றம் இன்னும் கீழ் வெப்பநிலைக்குப் போகிறது, அதாவது உயர்சுழற்சிக்குத் துணை நிற்கிறது. ஒரே நீர், இரண்டு வீட்டில் இரண்டு குணம். எங்கே உட்கார்ந்திருக்கிறது, எதைத் தள்ளுகிறது, எதைப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறுகிறது.

2009இல் கியோட்டோவும் வலென்சியாவும் சேர்ந்து இதை ஒரு படி மேலே கொண்டுபோயின. அறை வெப்பநிலையிலேயே பென்சீன் ஆவியைக் காட்டினால் வலை உயர்சுழற்சிக்குப் போகிறது. கார்பன் டைசல்ஃபைடைக் காட்டினால் தாழ்சுழற்சிக்குப் போகிறது. பிறகு விருந்தாளியை வெளியேற்றிவிட்டாலும், வலை அந்த நிலையிலேயே நிற்கிறது, ஏனென்றால் அறை வெப்பநிலை தயக்கக் கண்ணிக்குள் விழுகிறது. எந்த ஆவி வந்து போனது என்பதைப் பொடி வைத்துக்கொண்டிருக்கிறது. இந்த இடத்தில் தோற்றம், உண்மை என்ற பாகுபாடு எனக்குக் கரைந்தே போனது. நிலையை மாற்றியது வெளியிலிருந்து வந்த மூலக்கூறு. அது போன பிறகு நிலையைக் காப்பது வலையின் சொந்தக் கூட்டியக்கம். இரண்டும் ஒரே சோதனைக்குள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. எது சேர்மத்துடையது, எது சூழலுடையது என்று கோடு போட ஒரு கத்தியும் கிடைக்காது.

இப்போது யாராவது "எத்தனை டிகிரியில் மாறும்?" என்று கேட்டால், ஏறும்போதா இறங்கும்போதா, எத்தனையாவது சுற்றில், நீரோடா நீரில்லாமலா என்று நான் திருப்பிக் கேட்பதால், பலர் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. எனக்கு மதிப்பாய்வுக்கு வரும் கட்டுரைகளிலும் இதே தொந்தரவைக் கொடுக்கிறேன். முதல் சுற்றின் வரைபடம் எங்கே என்று கேட்கிறேன். வெப்ப அளவீட்டில் பொடியை வைத்த அலுமினியக் கிண்ணம் முழுவதுமாக மூடியிருந்ததா, மூடியில் ஊசித்துளை இருந்ததா என்று கேட்கிறேன். மூடிய கிண்ணத்தில் நீராவி வெளியே போக முடியாது, அதனால் மாற்றம் வேறு இடத்தில் நடக்கும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை டிகிரி வேகத்தில் சூடாக்கினீர்கள் என்றும் கேட்கிறேன், ஏனென்றால் நீர் வெளியேற நேரம் எடுக்கும், வேகமாகச் சூடாக்கினால் எண் மேலே நகரும். பெரும்பாலும் பதில் வந்துவிடுகிறது. அண்மையில் ஓர் ஆசிரியர் குழு, "மதிப்பாய்வாளர் தேவையில்லாத விவரங்களைக் கேட்கிறார்" என்று பத்திரிகை ஆசிரியருக்கு எழுதியது. கூடவே, கேட்ட முதல் சுற்றையும் அனுப்பியிருந்தார்கள். கட்டுரையின் மற்ற எல்லாப் படங்களையும்விட அது நன்றாக இருந்தது.